சதுரத்துக்கும் வட்டம்

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் பெனோவின் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ரீபா டீச்சர் வீடு எது என்றுதான் கேட்க வேண்டும். பெனோ வீடு என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரரே தலையைச் சொறிவார். இத்தனைக்கும் பெனோ பதினேழு வருஷமாக அந்தத் தெருவில் குடியிருக்கிற மனுஷன். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஞாயிறு தவறினாலும் கோயிலுக்குப் போவது தவறாது. ஆனால் வாயைத் திறந்தால்தானே ஊருக்கு ஆளைத் தெரியும்? அந்த வீட்டில் பேச்சு இலாகா முழுவதும் ரீபாவிடம் இருந்தது. கேட்கிற இலாகாவைப் பெனோ பார்த்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

அவன் பிறந்தது முக்கூடலில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், அம்மாவும் வாத்தியார். வீட்டில் இரண்டு பேர் பாடம் நடத்தினால் மூன்றாவது ஆள் எங்கே பேசுவது? "வாயில என்னல கொழுக்கட்டையா?" என்று கேட்டுக் கேட்டே அவனை வளர்த்தார்கள். கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தான். அங்கேதான் அவன் ஆமையைச் சந்தித்தான்.

நிஜ ஆமை இல்லை. திரையின் நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி. அதற்கு யாரோ புண்ணியவான் ஆமை என்று பெயர் வைத்திருந்தான். நாம் எழுதிக் கொடுக்கிறபடி அது நடக்கும், நடந்த வழியெல்லாம் கோடு விழும். நூறு அடி முன்னால் போ, தொண்ணூறு டிகிரி வலது பக்கம் திரும்பு, இதையே நாலு தடவை செய் என்று எழுதினால் ஒரு சதுரம். நாலை மூன்றாக்கி, தொண்ணூறை நூற்றிருபதாக்கினால் முக்கோணம். ஒரு வட்டம் போட்டுப் பத்து டிகிரி திரும்பு, மறுபடியும் போடு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்வரை போட்டுக்கொண்டே இரு என்றால் திரையில் ஒரு பூ விரியும். எழுதியது நாலே வரி. வந்து நின்றதோ, விரல் வைத்துத் தொடக் கூசுகிற ஒரு பூ. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஒரு ஜீவனைப் பெனோ வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தான். மற்ற பையன்கள் சம்பளம் தருகிற பாடங்களுக்குத் தாவிவிட்டார்கள். இவன் ஆமையின் பின்னாலேயே கொஞ்ச காலம் நடந்தான். பிறகு கிளார்க் வேலை கிடைத்தது. அதன்பிறகும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் மேஜையில் தலைசாய்த்துத் தூங்கும்போது, இவன் திரையில் ஏதாவது ஒரு கோலம் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தபடியே அவன் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவான்.

கல்யாணமாகி வந்த புதிதில் ரீபாவுக்கு இதைக் காட்டினான். நாங்குநேரிக்கும் தெற்கே, வள்ளியூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊர்க்காரி அவள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். அவசரப்பட்டு ஒப்பிக்கிற பிள்ளைகளை "பைய, பைய" என்று மெதுவாகச் சொல்லவைக்கிறவள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இது என்னது ஊர்ந்து போவுது?"

"ஆமை."

"நல்லாருக்கே! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாவ. நீங்க காசு குடுத்துப் படிச்சில்லா கூட்டிட்டு வந்திருக்கிய."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அதன்பிறகு சாயங்காலங்களில் உள்ளி உரித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ பக்கத்தில் வந்து உட்காருவாள். அவள் பேசுவாள், ஆமை நடக்கும், பெனோ இரண்டையும் கவனித்துக்கொண்டிருப்பான். பிள்ளை இல்லாத வீடு. ஆனாலும் வெறிச்சென்று இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அக்கினி வெயில் நாளில், பள்ளிக்கூட லீவில், அந்தப் பேச்சு நின்றது. அக்கா சாலோமியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாவடுவுக்கு யார் கைப் பக்குவம் சரி என்று சண்டை. பெனோ கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று ஏதோ ஒன்று நின்றது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றால்தானே அது அதுவரை சத்தம் போட்டது தெரியும், அந்த மாதிரி. உள்ளே வந்து பார்த்தால் ரீபா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். போன் தரையில் கிடந்து, "ஏட்டி, ஏட்டி" என்று சாலோமியின் குரலில் கத்திக்கொண்டிருந்தது.

உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஆடிக் காற்றுக்கு முன்பே கொஞ்சம் தேறி, கம்பை ஊன்றி அடுப்படிவரை போகிற அளவுக்கு வந்தது. பேச்சு வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசினார்கள், பிறகு மெதுவாகப் பேசினார்கள், பிறகு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். வீட்டில் பெனோவும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள். பேசத் தெரியாதவன் ஒருத்தன், பேச முடியாதவள் ஒருத்தி. "சாப்பிடு", "மாத்திரை", "படுத்துக்க" என்பதற்கு மேல் என்ன சொல்வதென்று பெனோவுக்குத் தெரியவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பார்வைக்குப் பின்னால் ரீபா இருக்கிறாளா இல்லையா என்ற எண்ணம் வந்தபோதெல்லாம் எழுந்து போய் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு வருவான்.

பேச்சுப் பயிற்சிக்கு வண்ணார்பேட்டையில் ஹம்ஸினியிடம் அழைத்துப் போனான். ஆழ்வார்திருநகரிப் பெண், முப்பதுக்குள் வயது, மைசூர்வரை போய்ப் படித்துவிட்டு வந்தவள். வார்த்தையை அளந்து பேசுவாள், ஆனால் ஒளிக்கமாட்டாள்.

"சார், அக்கா பேசலைங்கறது எனக்குப் பெரிய கவலை இல்லை. பேச்சு மெதுவாக்கூட வரலாம். நாம சொல்றது அவங்களுக்குப் புரியுதா? எதிர்ல இருக்கறது யாருன்னு தெரியுதா? அதுதான் எனக்குத் தெரியணும்."

"எப்படித் தெரிஞ்சுக்கிடது?"

படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தாள். ஆப்பிள், பூனை, குடை. பெனோ வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ரீபா நல்ல கையால் எல்லாவற்றையும் ஒரே தட்டு. அட்டைகள் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தன. இருபது வருஷம் அதே ஆப்பிளையும் பூனையையும் பிள்ளைகளுக்குக் காட்டியவளிடம் காட்டினால் அவள் என்ன செய்வாள்? ஹம்ஸினி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அப்போ வேற ஏதாவது காட்டலாம். வட்டம், சதுரம், முக்கோணம். சும்மா உருவம் மட்டும். ஆனா ஒண்ணு, முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அவங்க கவனம் உங்க பக்கம் திரும்பட்டும். அப்புறம் கேளுங்க."

உருவம் என்றதுமே பெனோவுக்கு ஆமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இடித்தது. அவன் ரீபாவை ரீபா என்று கூப்பிட்டதே கிடையாது. "இங்கரு" என்பான், மனசு நன்றாக இருந்தால் "ஏட்டி" என்பான். பல நாள் அதுவும் தேவைப்பட்டதில்லை, அவன் கூப்பிடுவதற்கு முன்பே அவள்தான் பேசிக்கொண்டு வந்துவிடுவாளே! கல்யாண ஓலையிலும் ரேஷன் கார்டிலும் எழுதியதைத் தவிர அந்தப் பெயரோடு அவனுக்குப் புழக்கம் இல்லை. இந்த வயதில், கட்டிலுக்கு எதிரே நின்று திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் கிளார்க் புத்தி ஒரு வழி கண்டுபிடித்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போனபிறகு பழைய பேரேடுகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் தன் குரலைப் பதிவு செய்தான். "ரீபா, இது என்ன?" அவ்வளவுதான். முதலில் முணுமுணுப்பாக வந்தது. பிறகு அதட்டல் மாதிரி வந்தது. கடைசியாக ஒரு தடவை, யாரும் இல்லாத தைரியத்தில், கல்யாணமான வாரத்தில் கூப்பிட்டிருக்க வேண்டிய விதத்தில் வந்தது. அதை வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதினான். மொத்தமே ஒரு பக்கம் வராது. வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றில் ஏதாவது ஒன்றை எடு. ஒரு நிறத்தை எடு. கறுப்புத் திரையில் மெதுவாக வரை. வரைந்து முடித்ததும் அந்தக் குரலை ஒலி. பிறகு காத்திரு. பொத்தானை அழுத்தினால் அடுத்தது. ஆமையின் வேகத்தைக் குறைக்கத்தான் கூடுதல் நேரம் பிடித்தது. அவள் கண் கூடவே நடந்து வரவேண்டுமே!

சாயங்காலம் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓடவிட்டான். முதலில் வந்தது மஞ்சள் வட்டம். அம்புக்குறி பதறாமல் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தைத் தொட்டு நின்றது. "ரீபா, இது என்ன?" என்றது குரல்.

ரீபா தலையைத் திருப்பினாள். உதடு கோணிக்கொண்டு அசைந்தது. எங்கேயோ ஆழத்திலிருந்து வாளி ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் ஏறி வந்தது.

"வட்டம்."

பெனோ துள்ளி எழுந்தான். செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டுக்காரரிடம், "பேசிட்டா, பேசிட்டா" என்றான். பதினேழு வருஷத்தில் அந்த மனுஷன் பெனோவின் குரலைச் சரியாகக் கேட்டது அன்றுதான். இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். பெனோ பொத்தானை அழுத்தினான். பச்சைச் சதுரம் வந்தது. "ரீபா, இது என்ன?"

"வட்டம்."

சிவப்பு முக்கோணம். "வட்டம்."

எதிர்வீட்டுக்காரர், "வரும், எல்லாம் வரும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று தொடங்கி ஆவணி போய்ப் புரட்டாசியும் போனது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆமை நடந்தது. எது வந்தாலும் வட்டம்தான். பெனோ சளைக்காமல் திருத்தினான். "இல்ல, இது சதுரம். பாரு, நாலு மூலை இருக்கு." அவள் அவனை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். திரையில் கோடு மெல்ல நீள்வதை அவன் அவள் கண்ணுக்குள் பார்ப்பான். அந்தச் சின்னக் கறுப்பில் ஒரு பச்சைச் சதுரம் பிறந்து, நின்று, அணையும். மேற்கே பொழுது இறங்கி அறை நீலமாகிப் போனபிறகும் விளக்கைப் போடத் தோன்றாமல் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். யாராவது பார்த்தால் சந்தோஷமான குடும்பம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஹம்ஸினியிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. "இப்படி வர்றதுண்டு சார். ஒரே வார்த்தை ஒட்டிக்கும். எதைக் கேட்டாலும் அதுவே வரும். அதுக்கு அர்த்தம் இருக்கணும்னு இல்லை. இங்கே நான் கேட்டா அதையும் அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க. ஒண்ணுலேர்ந்து ஒண்ணைப் பிரிச்சுப் பார்க்க முடியலைன்னா, புரியறதும் இல்லைன்னுதான் நாம எடுத்துக்கணும்."

சாலோமி போனில் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். அவள் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாக இருக்கிறாள். "தம்பி, நீ வேலைக்குப் போயிருத. அவ ஒத்தையில கெடக்கா. மழைக்கு முன்ன நான் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

"அவளுக்கு என்னைத் தெரியுது மதினி. இங்கதான் இருக்கணும்னு நினைப்பா."

"தெரியுதுன்னா ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா? எங்கிட்டச் சொல்லாண்டாம், உங்கிட்டச் சொல்லுவாள்லா?"

அவளுக்குத் தன்னைத் தெரியவில்லை என்றால், பகலெல்லாம் ஆள் இருக்கிற வீட்டில் அவள் இருப்பதுதான் நியாயம். நியாயத்தை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை. ஐப்பசி முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அலுவலகத்தில் பக்கத்து நாற்காலித் தளவாய் மட்டும்தான் அவனை விடாமல் விசாரிப்பவர். "என்னவே, டீச்சர் எப்படி இருக்காவ? பேசுதாவளா?"

"ஒரு வார்த்தை பேசுதா அண்ணாச்சி. தப்பாச் சொல்லுதா."

"நம்ம மேனேஜர் நாள் பூரா தப்பாத்தான் பேசுதாரு. அவரை யாரும் ஊருக்கு அனுப்பலையே! விடும்வே."

பெனோ சிரித்தான். அன்று மத்தியானம் தூக்கத்தில் ஒரு கனவு வந்தது. முக்கூடலில் பிசான நெல் சாகுபடிக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல். பெனோ வரப்பில் நடக்கிறான். நூறு அடி போனதும் உடம்பு தானாக வலது பக்கம் திரும்புகிறது. மறுபடியும் நூறு அடி, மறுபடியும் திருப்பம். நடந்த வரப்பெல்லாம் பின்னால் பச்சையாக ஒளிர்கிறது. அக்கரையில் ரீபா நிற்கிறாள். குறுக்கே நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் குறுக்கே போகச் சொல்லி யாரும் எழுதவில்லை. அதனால் அவன் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட மூலைக்கே வந்துகொண்டிருந்தான். தண்ணீரில் வானம் முழுவதும் கிடந்தது. அந்த நேரம் பள்ளிக்கூட மணி அடித்தது. விழித்தபோது அவன் கன்னம் ஈரமாக இருந்தது. தளவாய் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுந்து டீ குடிக்கப் போனார்.

சனிக்கிழமை வந்தது. ரீபாவின் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. வானம் மூடிக்கொண்டு கிடந்தது. கடைசியாக ஒரு நாள் காட்டிவிடலாம் என்று பெனோ மடிக்கணினியைத் திறந்தான். அன்று கேள்வி கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. குரலை நிறுத்திவிட்டு, பழைய பூவை வரைய விட்டான். ஆமை வட்டம் போட்டுத் திரும்பியது, வட்டம் போட்டுத் திரும்பியது. இதழ் இதழாக ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் எங்கேயோ போய்விட்டான். ரீபா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு இடிபடுகிற சத்தம் கேட்டுத்தான் திடுக்கிட்டு எழுந்து போய்த் திறந்தான். சாலோமி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தூறலில் நனைந்தபடி நின்றாள்.

"எத்தனை வட்டம் மணி அடிக்கது தம்பி? நாலு வட்டம் அடிச்சாச்சு, ரெண்டு வட்டம் கதவைத் தட்டியாச்சு. உள்ள என்ன செய்யுத?"

பெனோ கதவைப் பிடித்தபடி நின்றான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, வழியையும் விடவில்லை.

"என்ன சொன்னிய மதினி?"

"நாலு வட்டம் மணி அடிச்சேங்கேன்."

முக்கூடலில் பிறந்து வளர்ந்து பாளையங்கோட்டையில் குடியேறிய அவனுக்குத் தடவை என்றால் தடவை. நாங்குநேரிக்குத் தெற்கே போனால் அதுவே வட்டம். எத்தனை வட்டம் சொன்னேன், ஒரு வட்டம் போயிட்டு வாங்க, இன்னொரு வட்டம் சொல்லுங்க. பதினேழு வருஷம் இந்தப் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவன் அவன். திரையில் ஒரு உருவத்தைக் கண்டதும் பள்ளிக்கூடத்து வட்டம் ஒன்றுதான் அவன் காதுக்குத் தெரிந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவனால் அப்படிப் போக முடியவில்லை. சதுரத்தைப் பார்த்து அவள் வட்டம் என்று சொல்லவே இல்லை. இன்னொரு வட்டம் என்று கேட்டிருக்கிறாள். கேட்டதைக் கொடுக்காமல் மாசக்கணக்காக மூலைகளை எண்ணிக் காட்டியிருக்கிறான்.

சாலோமியை அப்படியே விட்டுவிட்டு மேஜைக்கு ஓடினான். குரலைத் திரும்பவும் போட்டுவிட்டுச் சதுரத்தை ஓடவிட்டான். "ரீபா, இது என்ன?"

"வட்டம்."

"மதினி, கேட்டியளா? மறுபடியும் காட்டச் சொல்லுதா! இந்தா, இந்தா பாரு." விசாரணையெல்லாம் வேண்டாமென்று குரல் வரியைத் தூக்கிவிட்டு, அதே சதுரத்தை அடுத்தடுத்து வரையச் சொல்லி எழுதினான். பச்சைச் சதுரம் போய் இன்னொரு பச்சைச் சதுரம் வந்தது. அது போய் இன்னொன்று வந்தது.

ரீபா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் முகம் ஜன்னலுக்குப் போய்விட்டது.

சாலோமி தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயா ஒண்ணை நினைச்சுக்கிடுத தம்பி. உன் ஆசை எனக்குத் தெரியாதா? அவளைக் கிளப்பு, பஸ்ஸு போயிரும்." அவள் குரலிலும் அழுகை இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கே விட்டிருப்பார்கள். ஆனால் கணினியில் ஏதாவது ஓடாவிட்டால் பெனோ செய்கிற வேலை ஒன்று உண்டு. மொத்தத்தையும் அடித்துவிட்டு எழுதமாட்டான். ஒரு வரியைத் தூக்கி வைப்பான், ஓட்டிப் பார்ப்பான். அதைத் திரும்பப் போட்டு அடுத்த வரியைத் தூக்குவான். எந்த வரி எதைச் செய்கிறது என்று இப்படித்தான் தெரியும். குரல் வரியைத் தூக்கினால் அவள் பேசவில்லை. அப்படியானால் திரும்பப் போட வேண்டியது அது. தூக்க வேண்டியது எது?

வரைகிற வரிகளைத் தூக்கினான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினான். மூன்றாவது தடவை ஓடியது. திரை வெறும் கறுப்பாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. அந்தக் கறுப்பிலிருந்து, பேரேட்டு அறையில் யாரும் இல்லாத தைரியத்தில் பேசிய அந்தக் குரல் வந்தது.

"ரீபா, இது என்ன?"

ரீபா திரும்பினாள்.

"வட்டம்."

சாலோமியின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. அவளுக்கு முழுவதும் புரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பெனோவுக்குப் புரிந்தது. படமும் வேண்டாம், ஆமையும் வேண்டாம். இத்தனை வருஷம் பேசாத ஒருத்தன், ஒரு மடிக்கணினிக்குள் ஒளிந்துகொண்டு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். மீண்டும் ஒரு வட்டம் கூப்பிடு என்று, இருந்த ஒரே வார்த்தையையும் செலவழித்து அவள் கேட்டிருக்கிறாள். அந்த மடையன் எதிரே உட்கார்ந்துகொண்டு தப்பு என்று சொல்லியிருக்கிறான்.

மடிக்கணினியை மூடினான். அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தான். சொந்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மதினி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற வெட்கம் ஒரு நிமிஷம் வந்து, போய்விட்டது.

"ரீபா."

அவள் கண் அவன் முகத்தில் நின்றது. ஜன்னலுக்குப் போகவில்லை.

"வட்டம்" என்றாள்.

"ரீபா."

"வட்டம்."

"ரீபா. ரீபா. ரீபா, ரீபா, ரீபா..." பதினேழு வருஷப் பாக்கியையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடுகிறவன் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விழ அவன் கூப்பிட்டுக்கொண்டே போனான். மூக்கும் கண்ணும் ஒழுகின. வார்த்தை குழறியது. நிறுத்த அவனுக்குத் தெரியவில்லை.

ரீபா நல்ல கையைத் தூக்கினாள். மெல்ல அதைக் கொண்டுவந்து, ஒன்றாம் வகுப்பில் அவசரப்பட்டு ஒப்பிக்கிற பிள்ளையை நிறுத்துவதுபோல, அவன் வாயின்மேல் வைத்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு அசைந்தது. ஏறி வர ரொம்ப நேரம் பிடித்தது.

"பைய" என்றாள் ரீபா.